கிரானைட்டைக் கேட்கிறீர்கள், தரைக்கு அடியைக் கேட்பதில்லை

"கிரானைட் போட்டா கேன்சர் வருமாமே சார்?" சேலத்திலும் ஏற்காட்டிலும் வீடு கட்டித் தருகிறேன், தரைக்குக் கல் பார்க்கப் போகும்போது யாராவது இதைக் கேட்டுவிடுவார்கள். வாட்ஸ்அப்பில் வந்த செய்திதான். முழுப் பொய் என்று தள்ளவும் முடியாது. கிரானைட்டில் கொஞ்சம் யுரேனியம் உண்டு. அது படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகி, ரேடியத்திலிருந்து ரேடான் வாயு பிறக்கிறது. நிறமில்லை, மணமில்லை. ஆனால் முக்கால் அங்குலக் கல்லிலிருந்து வெளியேறுவது பெரும்பாலும் சொற்பம். வீட்டுக்குள் சேரும் ரேடானில் பெரும்பங்கு தரைக்குக் கீழே உள்ள மண்ணிலிருந்தும் பாறையிலிருந்தும்தான் வருகிறது.

இந்த வாயுவையும் அதன் சிதைவுப் பொருள்களையும் சுவாசித்தால், பொலோனியம் போன்றவை நுரையீரலில் படிந்து ஆல்ஃபா கதிரை வீசுகின்றன. காற்றில் கன மீட்டருக்கு 100 பெக்கரலுக்குள் (பெக்கரல் என்பது கதிரியக்கத்தை அளக்கும் அலகு) இருக்கட்டும், முடியாத நாடுகளிலும் 300-ஐத் தாண்ட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நீண்டகாலச் சராசரி 100 பெக்கரல் கூடினால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து சுமார் 16 சதவீதம் கூடும். புகைபிடிப்பவருக்கு இந்த ஆபத்து பல மடங்கு. வீட்டில் பீடியோ சிகரெட்டோ இருந்தால் முதலில் அதை விடுங்கள், ரேடானை அப்புறம் பேசலாம்.

நம் ஊர்ப் பாறை எப்படி? ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் பெரும்பகுதி சார்னோகைட் என்ற பாறை. அதில் பொதுவாக கிரானைட்டைவிட யுரேனியம் குறைவு. கருப்பூர்ப் பக்கத்து மேக்னசைட் நிலத்தில் இன்னும் குறைவு. இதை வைத்து நிம்மதியாகிவிடலாமா என்றால், கூடாது. 1984-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஸ்டான்லி வாட்ராஸ் என்ற பொறியாளர் அணுமின் நிலையத்துக்குள் நுழையும்போதே கதிர்வீச்சு அலாரம் அடித்தது. நிலையம் அப்போது இயங்கவே தொடங்கவில்லை. தேடிப் பார்த்தால் காரணம் அவர் வீடு: கன மீட்டருக்கு ஏறத்தாழ 1 லட்சம் பெக்கரல். அடுத்தடுத்த வீட்டிலேயே அளவு தலைகீழாக மாறலாம். அளந்தால்தான் தெரியும்.

எனக்குக் கவலை தருபவை ஏற்காட்டுச் சரிவு வீடுகள். மலையை வெட்டிக் கட்டுவதால் பின்சுவர் மண்ணோடு ஒட்டியிருக்கும். தரை வழியாக மட்டுமல்ல, சுவர் வழியாகவும் வாயு வரும். குளிருக்கு ஜன்னலை அடைத்துப் படுக்கிறோம். உள்ளே இருக்கும் சூடான காற்று மேலே ஏறி வெளியேற, கீழே தரை மண்ணின் காற்றை உறிஞ்சுகிறது. வாரக்கடைசிக்கு மட்டும் திறக்கும் வில்லாக்களுக்கும் இதுதான் கதை. கீழே சேலத்தில் இரவு முழுக்க ஏசி ஓடும் தரைத்தள அறையும் அடைத்த அறைதான்.

அளப்பதற்குப் படலம் வைத்த சிறு டப்பாவை மூன்று மாதம் தொங்கவிட்டு, பிறகு படலத்தில் ஆல்ஃபா கதிர் பதித்த தடங்களை ஆய்வகத்தில் எண்ணுவார்கள். டிஜிட்டல் கருவியும் ஆன்லைனில் கிடைக்கிறது. எதுவானாலும் ஆட்கள் புழங்கும் கீழ்த்தளத்தில், படுக்கையறையில், மூச்சு விடும் உயரத்தில் வையுங்கள். சமையலறை, குளியலறை வேண்டாம், ஜன்னலோரமும் வேண்டாம். அளக்கிறோமே என்று ஜன்னலைத் திறந்துபோட்டு வழக்கத்தை மாற்றினால் எண் பொய் சொல்லும். ஒரு நாள் எண்ணைப் பார்த்துப் பதறவும் வேண்டாம். மழைக்கும் குளிருக்கும் அது ஏறி இறங்கும்.

எண் கூடுதலாக வந்தால் முதலில் காற்றோட்டம். ஜன்னலைத் திறந்தால் சீக்கிரம் இறங்கும், மூடினால் மறுபடி ஏறும். வெளிக்காற்று வர வழியில்லாத அறையில் எக்ஸாஸ்ட் மட்டும் ஓடினால் மண்ணிலிருந்து இன்னும் இழுக்கும். பலருக்கு இது தெரியாது. தரை விரிசல், குழாய் நுழையும் ஓட்டை, சுவரும் தரையும் சேரும் இடம் எல்லாவற்றையும் சீலண்ட் போட்டு அடைக்கலாம், ஆனால் அது மட்டும் போதாது.

உறுதியான வழி ஒன்று உண்டு, அதுவும் கட்டும்போதே செய்தால் மலிவு. பேஸ்மட்டத்தில் மண் நிரப்பியதும் ஒரு அடுக்கு ஜல்லி, அதன்மேல் கனமான பிளாஸ்டிக் ஷீட், ஜல்லிக்குள்ளிருந்து நான்கு அங்குல பிவிசி குழாய் ஒன்று மொட்டை மாடிக்கு மேல் வரை. அப்புறம் கான்கிரீட் போட்டுக்கொள்ளலாம். ஜல்லியும் ஷீட்டும் கொஞ்சம் குழாயும்தான் செலவு; அந்தக் கட்டத்தைத் தாண்டினால் தரையைத் துளைக்க வேண்டும். தேவைப்பட்டால் பிறகு குழாயில் சிறு விசிறி பொருத்தலாம். வீட்டைவிட்டு வெளியேறியிருந்த வாட்ராஸ் குடும்பம், தரைக்கு அடியிலிருந்து இப்படிக் காற்றை இழுத்து வெளியேற்றிய பிறகுதான் திரும்பி வந்தது.

விசிறி போட்ட பிறகு ஒருமுறை மறுபடி அளக்க வேண்டும். அது நிற்காமல் ஓட வேண்டியது; கரண்ட் பில்லைப் பார்த்து ராத்திரி அணைத்துவிடாதீர்கள்.