மலைத்தோட்டத்துக் கட்டையும் மீன்தொட்டி நீரும்

குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் முதிர்ந்த தேயிலைச் செடிகளைப் பிடுங்கும்போது கிடைக்கும் அடித்தூர், முறுக்கேறிய கிளைகளும் வைரம் பாய்ந்த உடலுமாக, வீட்டு மீன்தொட்டிக்குள் அழகுக்காக வைக்க மிகவும் ஏற்றது. ஆனால் எந்தக் கட்டையானாலும் அது எந்த மரம் என்பதோடு, அதன்மீது என்ன தெளிக்கப்பட்டது என்பதையும் கேட்டறிய வேண்டும். தேயிலையின் கொப்புள நோய்க்குத் தாமிர ஆக்சிகுளோரைடும், கீழ்ப்பழனி மலையிலும் பயிராகும் காபியின் இலைத்துரு நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. தாமிரம் மக்கி மறையும் பொருளன்று. பட்டை வெடிப்புகளிலும் வேரில் ஒட்டிய மண்ணிலும் தங்கிவிடும். மீன்கள் தாங்கிக்கொள்ளும் மிகச் சிறிய அளவே இறால்களைக் கொன்றுவிடும். ஆகவே பட்டையை முழுவதும் உரித்து, வேர்க்கவட்டிலும் பொந்திலும் மண் துளியும் மிஞ்சாதபடி தேய்த்துக் கழுவ வேண்டும். இறால் வளர்ப்பவர்கள் மருந்தடித்த தோட்டத்துக் கட்டையை அறவே தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

பைன், சைப்ரஸ் கட்டைகளின் பிசின் வேகவைத்தாலும் முழுவதும் வெளியேறாது. பின்னர் மெல்லக் கசிந்துகொண்டிருக்கும். அரளியும் பால் வடியும் கள்ளிகளும் நஞ்சு. வீட்டுத் தோட்டத்துக் கொய்யாக் கட்டை நல்ல தேர்வு. சோலைக்காட்டில் விழுந்து கிடப்பதை எடுத்து வரக் கூடாது. காப்புக்காட்டிலிருந்து அனுமதியின்றி மரம் எடுப்பது குற்றம்.

கட்டையிலிருந்து இறங்கும் டானின் என்னும் துவர்ப்பொருள் நீரைப் பழுப்பாக்குவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது அதன் அமிலத்தன்மையை. சமவெளியின் ஆழ்குழாய் நீரில் பெரும்பாலும் அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் மிகுந்திருப்பதால் அந்த அமிலம் உடனே சமன்படும். நீலகிரியும் பழனி மலையும் பெரும்பாலும் சார்னோகைட் பாறையாலானவை. சுண்ணாம்பு எளிதில் கரையாத அப்பாறைமீது ஓடிவரும் மழைநீர் கரைந்த உப்புகள் குறைந்த மென்னீராகவே இருப்பதால், அதே கட்டை மலையில் பி.எச். அளவை (அமிலம் கூடக்கூடக் குறையும் அளவு) வெகுவாக இறக்கிவிடக்கூடும். நியான் டெட்ரா மீனுக்கு அது உகந்தது. கப்பி, மோலி மீன்கள் அதில் வாடும். பி.எச். 6-க்குக் கீழே சென்றால், மீன் கழிவின் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்களின் வேகமும் குறைந்துவிடும்.

பச்சைக் கட்டையின் சாற்றிலுள்ள சர்க்கரையை உண்டு நுண்ணுயிர்கள் பெருகி, நீரில் கரைந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிடும் என்பதால், நன்கு உலர்ந்த கட்டையே வேண்டும். பனிமூட்டம் நிறைந்த மலையில் கை தொட்டுப் பார்த்து உலர்வை அறிய முடியாது. வாரந்தோறும் எடை போட்டு, எடை குறைவது நின்றபின் எடுத்துக்கொள்ளலாம்.

உலர்ந்த கட்டை மிதப்பதற்குக் காரணம் அதன் நுண்ணறைகளில் அடைபட்ட காற்றே; மரத்தின் செல்சுவர்ப் பொருள் நீரைவிட ஏறத்தாழ 1.5 மடங்கு அடர்த்தியானது. கட்டையை மூழ்கச் செய்ய அதை நீரில் வேகவைக்க வேண்டும். வேகவைக்கும்போது காற்று விரிந்து வெளியேறுகிறது. ஆறும்போது அந்த இடத்தில் நீர் உறிஞ்சப்படுகிறது. அதனால் கட்டையைச் சூட்டோடு வெளியே எடுக்காமல், அந்த நீரிலேயே மூழ்கியபடி ஆறவிட வேண்டும். சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் நீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுவதால், கூடுதல் நேரம் வேகவைப்பது நல்லது.

தொட்டியில் வைத்த சில நாட்களில் கட்டைமீது வெண்ணிற வழவழப்புப் படரலாம். எஞ்சிய சர்க்கரையை உண்ணும் பூஞ்சையும் பாக்டீரியாவும் சேர்ந்த அப்படலம், உணவு தீர்ந்ததும் தானே மறையும். மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாய்திறந்து திணறினால் மட்டும் கட்டையை வெளியே எடுத்து, தொட்டி நீரில் ஒரு பகுதியை மாற்றி, காற்றுக்குமிழியைக் கூட்டிவிட்டு, கட்டையை மறுபடியும் வேகவைக்க வேண்டும்.