நாடியில் தெரியும் கிட்னியும் ஸ்கேனில் தெரியும் கிட்னியும்

"அக்குபஞ்சர் பார்க்கப் போனேன், கிட்னி வீக்காம்" என்று பதறிக்கொண்டு வருகிறவர்களை எங்கள் அக்குபஞ்சர் தொழிலில் அடிக்கடி பார்க்கலாம். ரத்தப் பரிசோதனை எடுத்தால், கிட்னி கழிவை வடிகட்டுகிறதா என்று காட்டும் கிரியாட்டினின் அளவு சரியாகவே இருக்கும். நேர்மாறானவர்களும் உண்டு. கால் வீங்கியிருக்கும், சிறுநீர் நுரைத்துப் போகும். ஆனால் "நாடி பார்த்தாச்சு, கிட்னியில் ஒன்றுமில்லையாம்" என்று நிம்மதியாக இருப்பார்கள். எனக்கு இவர்களை நினைத்துத்தான் கவலை அதிகம்.

சீன மருத்துவம் சொல்லும் கிட்னி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் இந்தக் குழப்பம் பாதி தீரும். கி.மு. 3ஆம் நூற்றாண்டில், சீனத்து நாடுகள் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில், சோ யென் என்ற சிந்தனையாளர் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐந்தை வைத்து, அரச வம்சங்கள் ஏன் எழுந்து விழுகின்றன என்று விளக்கினார். உடம்பை விளக்க அந்த ஐந்தையும், யின்-யாங் என்ற எதிரெதிர் இணையையும் மருத்துவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

கி.மு. 221இல் சீனா ஒரே பேரரசானது. அப்புறம் ஹான் வம்சக் காலத்தில் உருவெடுத்த 'ஹுவாங்தி நெய்ஜிங்' என்ற சீன மருத்துவ மூல நூலில் உடம்பே ஒரு பேரரசு. இதயம் அரசர், நுரையீரல் அமைச்சர், கல்லீரல் திட்டம் தீட்டும் தளபதி, மண்ணீரலும் இரைப்பையும் தானியக் கிடங்கு அதிகாரிகள். உடம்பில் ஓடும் 12 சக்திப் பாதைகளைச் சீனாவின் 12 ஆறுகளோடு வரிசையாகப் பொருத்தும் அத்தியாயமும் உண்டு.

அந்த 12 என்ற எண்ணையே பாருங்கள். 1973இல் சாங்ஷா நகரத்தில் மாவாங்துய் என்ற இடத்தில், கி.மு. 168இல் மூடிய கல்லறை ஒன்றிலிருந்து பட்டில் எழுதிய மருத்துவ ஏடுகளை எடுத்தார்கள். அவற்றில் பாதைகள் 11தான். ஊசியும் கிடையாது, சூடு வைப்பது மட்டும்தான் சிகிச்சை. நெய்ஜிங்கில் அது 12 ஆகி, ஒன்றோடொன்று இணைந்து வட்டமாகிவிடுகிறது. ஆண்டுக்கும் 12 மாதம்தானே! ஊசி போடும் புள்ளிகளும் ஆண்டின் நாட்களைப் போல 365 என்கிறது நூல். இன்று உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 361. வானம் எப்படியோ உடம்பும் அப்படியே என்ற தத்துவம்தான் அந்தப் பழைய எண்ணைக் கொடுத்தது.

இதனால் கோட்பாடே வீண் என்று நான் சொல்லவில்லை. மரம் மண்ணை அடக்கும் என்பது விதி. கோபம் மரத்தைச் சேர்ந்த கல்லீரலுக்கு, செரிமானம் மண்ணைச் சேர்ந்த மண்ணீரலுக்கு. அதாவது கோபம் மிஞ்சினால் செரிமானம் கெடும் என்று கணக்கு. வீட்டில் சண்டை, வயிறு உப்புசம், சாப்பாடு இறங்கவில்லை என்று வருகிறவரின் புறங்காலில், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே சற்று மேலே இருக்கும் லிவர் 3 (கல்லீரல் பாதையின் மூன்றாவது) புள்ளியை அழுத்தினால் சிலர் காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார்கள். மனத்தையும் வயிற்றையும் சேர்த்தே பார்க்கும் இந்தப் பார்வையை நான் மதிக்கிறேன். அதற்காக அவருக்குக் கல்லீரல் நோய் என்று ஆகிவிடாது.

கிட்னியும் அப்படித்தான். நீர், குளிர்காலம், பயம், உப்புச் சுவை, காது, எலும்பு எல்லாம் அந்த ஒரே வரிசையில் அடங்கும். அதனால்தான் காதில் இரைச்சல், இடுப்பு வலி, முதுமைத் தளர்ச்சி என்று போனாலும் கிட்னி பலவீனம் என்கிறோம்.

நம்மூர் வகுப்புகளில் இதைப் பஞ்சபூதம் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம் பஞ்சபூதத்தில் மரமும் உலோகமும் இல்லை. அவர்களிடம் காற்றும் ஆகாயமும் இல்லை. நம்முடையது பொருள் எதனால் ஆனது என்று சொல்கிறது, அவர்களுடையது ஒன்று இன்னொன்றாக மாறும் போக்கைச் சொல்கிறது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? கிட்னி, லிவர் என்று யாராவது நாடி பார்த்துச் சொன்னால், "இது சீன மருத்துவக் கணக்கா, பரிசோதனை முடிவா?" என்று தயங்காமல் கேளுங்கள். மணிக்கட்டில் மூன்று விரல் வைத்தால் யூரியாவும் கிரியாட்டினினும் தெரியாது. சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ இருப்பவர்கள், எங்களிடம் ஊசி போட்டுக்கொண்டாலும், ஆண்டுக்கு ஒருமுறையாவது கிரியாட்டினினும் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதமும் பார்த்துவிடுங்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையை அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.