இசைச் சமநிலைப்படுத்தி அல்ல, தணிப்புக் கப்பி

ஆங்கிலத்தில் ‘ஹார்மோனிக் பாலன்சர்’ எனப்படுவதைத் தமிழில் ‘இசைச் சமநிலைப்படுத்தி’ என்று ஆக்கியிருக்கிறார்கள். அந்தச் சொல்லை இனியும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. முதலில் ஒரு பயிற்சிக் குறிப்பில் வந்தது. அப்புறம் காணொளிகளின் அடியில் ஓடும் தமிழ் வரிகளில் வந்தது. இப்போது திருகோணமலையில் பயிற்சி முடித்துக் கராச்சுக்கு வேலைக்கு வரும் பெடியள் வாயிலும் வருகிறது. அவர்கள் சொல்வது, எஞ்சினின் முன்பக்கத்தில், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் சாப்ட்டின் நுனியில் பூட்டியிருக்கும் கப்பியை. நிலாவெளி வீதிக் கராச்சில் கேட்டாலும் கண்டி வீதியில் கேட்டாலும் அதற்குக் ‘கிராங்க் புலி’ என்றுதான் பெயர்.

சொற்பிறப்பு எளிது. கிராங்க் என்பது வளைவைக் குறிக்கும் பழைய ஆங்கில வேரிலிருந்து வந்தது. தமிழில் ‘வணரி’ என்று ஆக்கியிருக்கிறார்கள். வணர் என்றால் வளைவு. யாழின் வளைந்த தண்டைச் சங்கப் புலவர்கள் வணர்கோடு என்றார்கள். புலி, அதாவது புல்லி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. கப்பியை இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, கிணற்றடியிலும் இருக்கிறது, துறைமுகத்திலும் இருக்கிறது. ஆக, வணரிக் கப்பி. இதுவரை சண்டை இல்லை.

சண்டை அந்தக் கப்பிக்குள் இருக்கும் இன்னொரு உறுப்பைப் பற்றியது. பல கார்களில் இந்தக் கப்பி ஒரே இரும்பு வட்டமல்ல. நடுவில் குடம், வெளியே கனமான வளையம், இரண்டுக்கும் இடையில் ஒட்டிய றப்பர். ஒவ்வொரு சிலிண்டரிலும் எரிபொருள் எரியும்போது கிராங்க் சாப்ட் கொஞ்சம் முறுகி, திரும்ப விடுபடுகிறது. சில வேகங்களில் இந்த முறுகல் சாப்ட்டின் இயல்பான அதிர்வோடு சேர்ந்து பெருகிவிடும். நீளமான ஆறு சிலிண்டர் வரிசை எஞ்சின்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்படிப்பட்ட எஞ்சின்களில் சாப்ட் முறிந்ததால்தான் லான்செஸ்டர் போன்ற பொறியியலாளர்கள் இதற்கு மருந்து தேடினார்கள். வெளி வளையம் றப்பரில் பின்தங்கி ஆடும்போது அந்த அதிர்வின் சக்தியை றப்பர் வெப்பமாக மாற்றிக் கரைக்கிறது. இதில் சமநிலை எங்கே இருக்கிறது? தணிக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை.

‘இசை’ என்று போட்டவர்களை முழுக்கக் குறைசொல்ல மாட்டேன். இலங்கையின் உயர்தரப் பௌதிகத்தில் சீரான முன்பின் ஆட்டத்தை ‘இசை இயக்கம்’ என்று படித்தவர்கள் அவர்கள். ஆனால் பௌதிக வகுப்பில் விளக்கத்தோடு வரும் சொல்லை, எண்ணெய்க் கையோடு நிற்பவனிடம் விளக்கமில்லாமல் நீட்டினால் அவனுக்குப் பாட்டுத்தான் ஞாபகம் வரும். அதே பௌதிகப் புத்தகத்தில் ‘தணித்தல்’ என்ற சொல்லும் இருந்தது. அதை ஏன் எடுக்கவில்லை? ஆங்கிலப் பெயரில் ‘பாலன்சர்’ என்று இருந்ததால் அதை அப்படியே இறக்கிவிட்டார்கள். ஆங்கிலத்திலேயே அது நழுவலான பெயர். சில அமெரிக்க வி8 எஞ்சின்களில் இந்த வளையத்தில் எடைக்கட்டியும் வைத்திருப்பார்கள். அங்கே அது உண்மையிலேயே சமநிலையும் செய்கிறது. மற்றப்படி, ஆங்கிலப் பொறியியலாளர்களே ‘டாம்பர்’, அதாவது தணிப்பி, என்பதுதான் சரி என்கிறார்கள். அவர்கள் திருத்திக்கொண்ட பிழையை நாம் ஏன் தமிழில் புதிதாக நட வேண்டும்?

பெயர் பிழைத்தால் வேலையும் பிழைக்கும். பழைய டொயோட்டா சுப்ராவில் வந்த 2ஜேஇசட் எஞ்சினை எடுங்கள். வயது, வெப்பம், முன் சீலில் கசியும் எண்ணெய், எல்லாம் சேர்ந்து றப்பரைக் கெடுக்கின்றன. வெளி வளையம் மெல்ல நகர்ந்து டைமிங் மூடியில் உரசும், பெல்ற் கத்தும், கப்பி ஆடும். ‘சமநிலைப்படுத்தி’ என்று படித்தவன் ஆட்டத்தைக் கண்டதும் சில்லுக்குப் பாலன்ஸ் பார்ப்பதுபோல் பார்க்கிறான். தணிப்பி என்று படித்திருந்தால் முதலில் றப்பரைத்தான் பார்ப்பான். குடத்திலிருந்து வளையம் வரை ஒரே நேர்கோடாகச் சோக்கால் கீறி, எஞ்சினை ஓடவிட்டு, நிறுத்திப் பார்த்தால் போதும். கோடு பிரிந்திருந்தால் றப்பர் நழுவிவிட்டது. டைமிங் குறி, அதாவது சாப்ட் எந்த நிலையில் நிற்கிறது என்று காட்டும் குறி, வெளி வளையத்தில் இருக்கும் எஞ்சினில் அந்தக் குறியையும் அதற்குமேல் நம்பக்கூடாது.

நழுவிய கப்பியை வெல்ட் பிடித்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அது இனி சுற்றும், பெல்ற்றையும் இழுக்கும், ஆனால் தணிக்காது. முறுகல் முழுவதும் சாப்ட்டின் தலையில் விழும். புதிய கப்பிதான் வழி. கழற்றும்போது வெளி வளையத்தில் கொளுவி இழுத்தால் நல்ல றப்பரும் கிழியும். குடத்தில் இருக்கும் மரைத் துளைகளில் புல்லர் என்ற இழுகருவியைப் போட வேண்டும். பூட்டும்போது 2ஜேஇசட்டின் நடு போல்ற்றுக்கு 300 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்கம் வேண்டும், கைக்கணக்கு சரிவராது.

மஸ்டா எம்எக்ஸ்-5இன் ஆரம்பகால 1.6 எஞ்சினில் ‘கப்பி ஆடுது’ என்றால் கதை வேறு. அங்கே சாப்ட்டின் மூக்கு குட்டை. போல்ற் இளகினால், கப்பி சாப்ட்டில் நழுவாமல் பிடிக்கும் சாவிக் கட்டை உட்காரும் காடி தேய்ந்துபோகும். 1991இல் மூக்கை நீட்டித் திருத்தினார்கள். தேய்வு சிறிதென்றால் உலோகப் பிடிப்புப் பசையால் இடைவெளியை நிரப்பிச் சமாளிக்கலாம்; முற்றினால் சாப்ட்டையே மாற்ற வேண்டும். இரண்டு காரிலும் கண்ணுக்குத் தெரிவது ஒரே ஆட்டம். கெட்ட உறுப்பு வெவ்வேறு. இரண்டையும் ‘சமநிலைப்படுத்தி பழுது’ என்று எழுதிவைக்கும் குறிப்பால் யாருக்கு என்ன பயன்?

தூய தமிழ் வேண்டும் என்று நான் கராச்சில் சண்டை பிடிப்பதில்லை. ‘கிராங்க் புலி’ என்று சொல்கிறவன் சரியான சாமானைத்தான் கையில் எடுக்கிறான். தமிழ் உடுப்பு போட்டுக்கொண்டு தப்பான பொருள் சொல்லும் சொல்தான் கேடு. அரசகரும மொழித் திணைக்களத்தின் பழைய சொற்றொகுதிகளுக்காகத் துறை அறிந்தவர்கள் கூடியிருந்து ஒவ்வொரு சொல்லாக வாதாடினார்கள். இன்றைய மொழிபெயர்ப்பாளர்களில் பலர் அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார்கள். அந்தச் சாமானை ஒருதடவை கையில் வாங்கிப் பார்த்திருந்தால் றப்பர் தெரிந்திருக்கும்.

முழுப்பெயர் வேண்டுமென்றால் முறுக்கதிர்வுத் தணிப்பி. கப்பியோடு சேர்த்துச் சொல்லத் தணிப்புக் கப்பி. றப்பர் இல்லாத வெறும் கப்பிக்கு வணரிக் கப்பி, அல்லது கிராங்க் கப்பி.