ஹைட் ஏத்தின பிக்கப், ஒரு வருஷம் கழிச்சு

இசுசு வி-கிராஸ் பிக்கப் டெலிவரி எடுத்து முதல் சர்வீஸ் கூட முடியல, அதுக்குள்ள "அண்ணா ரெண்டு இன்ச் ஏத்தணும்ங்க, எவ்ளோ ஆகும்"னு கேட்டுட்டு வர்ற பசங்க இப்ப ரொம்ப ஜாஸ்தி. நான் கோயம்புத்தூர்ல சஸ்பென்ஷன், அலைன்மென்ட் வேலை பாக்கறவன். ஏத்தியும் விட்டிருக்கேன், ஏத்தினதை இறக்கியும் விட்டிருக்கேன். ஏத்த வர்றப்ப எல்லாரும் ஒரே மாதிரி தான் பேசுவாங்க, ஆஸ்திரேலியாக்காரன் வீடியோவை போன்ல காட்டி வண்டி இதே மாதிரி உயரமா நிக்கிற ஸ்டான்ஸ் வேணும்பாங்க. ஒரு வருஷம் ஒன்றரை வருஷம் கழிச்சு அதே வண்டி திரும்பி வரும்போது தான் விஷயமே வெளிய வரும், அதைத்தான் இங்க எழுதறேன்.

முதல்ல இந்த கிரவுண்ட் கிளியரன்ஸ் கதை, அதாவது ரோட்டுக்கும் வண்டி அடிக்கும் இருக்கிற இடைவெளி. நம்மூர்ல விக்கிற டி-மேக்ஸ் வி-கிராஸ் ஆகட்டும் டொயோட்டா ஹைலக்ஸ் ஆகட்டும், முன்னாடி ரெண்டு வீலும் தனித்தனியா ஏறி இறங்கற இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன், பின்னாடி முழு ஆக்ஸில், பட்டை ஸ்பிரிங். நீங்க ஸ்பிரிங்கை மாத்தி, ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவுல பிளாக் வச்சு, பட்டை சேத்து என்ன பண்ணாலும் மேல போறது சேஸிஸும் பாடியும் தான். பின்னாடி ஆக்ஸில் நடுவுல கிரௌன் பல்சக்கரம் இருக்கிற ஹௌசிங் இருக்குல்ல, அது வீலோட சேந்து ரோட்டுல நிக்கிற சாமான், அது ஒரு மில்லிமீட்டர் கூட ஏறாது. கல்லு மேல முதல்ல இடிக்கிறது பெரும்பாலும் அதுவும் அதுக்குப் பக்கத்துல, பட்டையை ஆக்ஸிலோட சேத்துப் பிடிக்கிற யூ போல்ட் தொங்கற நுனியும் தான். அதை மேல கொண்டு போகணும்னா ஒரே வழி பெரிய டயர், அதுவும் டயர் விட்டம் எவ்ளோ கூடுதோ அதுல பாதி தான் ஏறும்.

கணக்கு போட்டே காட்டறேன். வி-கிராஸ்ல வர்ற 255/60 ஆர்18 டயரோட விட்டம் கிட்டத்தட்ட 763 மிமீ. பசங்க விரும்பிப் போடற 265/70 ஆர்17 சுமார் 803. வித்தியாசம் 40, அதுல பாதி 20 மிமீ. லிஃப்ட் கிட்டுக்கு லட்சத்துக்கு மேல செலவு பண்ணிட்டு, ஆக்ஸிலுக்கு அடியில உங்களுக்கு கிடைச்சது இந்த 20 மிமீ, அதுவும் கிட் கொடுத்தது இல்ல டயர் கொடுத்தது. இதை சொன்னா முதல்ல யாரும் நம்ப மாட்டாங்க, வண்டிய பிட்டுல ஏத்தி கீழ நின்னு காட்டினா தான் ஒத்துக்குவாங்க.

அப்ப லிஃப்ட்டே வேஸ்ட்டான்னா அப்படியும் இல்ல. பம்பர் நுனி, ஃபுட்போர்டு, நடு வயிறு, டேங்க், முன்னாடி டிஃப் (டிஃபரென்ஷியல்) இதெல்லாம் ஏறும். பிக்கப்போட வீல்பேஸ் மூணு மீட்டருக்கு மேல, அதனால மேடு ஏறி இறங்கறப்ப நடு வயிறு தட்டும், அதுக்கு லிஃப்ட் நிஜமாவே உதவும். வால்பாறை பக்கம் எஸ்டேட் வச்சிருக்கிற ஒருத்தர் வண்டி என்கிட்ட தான் வருது. மழை காலத்துல ரெண்டு பக்கமும் சக்கரத் தடம் குழியாகி நடுவுல மேடு நிக்கிற ரோடு, உர மூட்டை ஏத்திட்டு தினமும் போறார். அவருக்கு 40 மிமீ ஏத்தி, பின்னாடி லோடுக்கு தகுந்த பட்டை செட் போட்டு, ஏடி (ஆல் டெரெய்ன்) டயர் போட்டோம். அவர் இன்னைக்கு வரைக்கும் வருத்தப்பட்டதில்ல. ஆனா சரவணம்பட்டியில இருந்து ஆபீஸ் போயிட்டு வர்ற வண்டியும் அதே கிட்டோட நிக்கும், அந்த வண்டி பாத்த அதிகபட்ச ஆஃப்ரோடு பொள்ளாச்சியில மாமனார் தோப்புக்கு போற வண்டித்தடம் தான்.

இனி செலவு எங்கெங்க ஒளிஞ்சிருக்குன்னு பாப்போம். மலிவா ஏத்தறவங்க போடறது முன்னாடி ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேந்து வர்ற ஸ்ட்ரட்டுக்கு மேல ஒரு ஸ்பேசர், அலுமினியமோ பியூ (பாலியூரித்தேன்) பிளாஸ்டிக்கோ. ஒரு இன்ச் ஸ்பேசர் வச்சா வீல் பக்கம் ஏறக்குறைய ரெண்டு இன்ச் ஏறும், ஏன்னா ஸ்ட்ரட் லோயர் ஆர்ம்ல நடுவுல உக்காந்திருக்கு. இது தெரியாம ரெண்டு இன்ச் வேணும்னு ரெண்டு இன்ச் ஸ்பேசரே வாங்கி மாட்டிட்டு வர்ற வண்டியெல்லாம் பாத்திருக்கேன், மேல் ஆர்ம் பால் ஜாயின்ட் கடைசி ஆங்கிள்ல போய் முட்டிட்டு நிக்கும். ஸ்பேசர்ல இன்னொரு சங்கடம், ஷாக் அப்சார்பர் நீளம் அதே தான், அதை கீழ தள்ளி வச்சிருக்கோம், அதனால பெரிய குழியில விழுந்து முழுசா அமுங்கறப்ப அடியைத் தாங்கற பம்ப் ஸ்டாப் ரப்பர் தொடறதுக்கு முன்னாடியே ஷாக்கே உள்ள போய் இடிச்சிடும். ஸ்பீட் பிரேக்கர்ல இறங்கறப்ப "டக்"னு ஒரு சத்தம் வருதுன்னு சொல்லிட்டு வருவாங்க, பெரும்பாலும் அது வீல் கீழ தொங்கறப்ப சஸ்பென்ஷன் தன்னோட கடைசி எல்லையில போய் முட்டற சத்தம்.

அடுத்து ஆக்ஸில் ஷாஃப்ட். முன்னாடி டிஃப் சேஸிஸோட மேல போயிடுச்சு, வீல் கீழயே இருக்கு, நடுவுல இருக்கிற ஷாஃப்ட் சாஞ்சே தான் ஓடணும். நம்ம வண்டியெல்லாம் டூ வீல் டிரைவ்ல ஓடினாலும் அந்த ஷாஃப்ட் நுனியில இருக்கிற ஜாயின்ட் சுத்திட்டே இருக்கும். ஜாயின்ட்டை மூடியிருக்கிற பூட்ங்கற ரப்பர் உறையோட மடிப்பு ஒண்ணோட ஒண்ணு உரசி உரசி ஒரு நாள் வாய் பிளக்கும். வெளிய இருந்து பாத்தா தெரியாது. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுசா ஒடிச்சிட்டு ரிம்முக்கு உள்பக்கம் கைய விட்டுத் தடவிப் பாருங்க, கருப்பா பிசுபிசுன்னு கிரீஸ் விரல்ல ஒட்டுச்சுன்னா பூட் போயிடுச்சுன்னு அர்த்தம். அன்னைக்கே பாத்தா பூட்டும் கிரீஸும் தான் செலவு, விட்டீங்கன்னா மண்ணும் தண்ணியும் உள்ள போய் ஜாயின்ட்டே போகும், திருப்பும்போது கடகடன்னு சத்தம் வந்தப்புறம் முழு ஷாஃப்ட் செலவு. இந்த ஆங்கிளைக் குறைக்கணும்னு டிஃப் டிராப் கிட்னு ஒண்ணு விக்கறாங்க, அது டிஃபை ஒரு இன்ச் கீழ இறக்கும். பாத்துக்குங்க, ஏத்தறதுக்கு ஒரு காசு, ஏத்தினதை இறக்கறதுக்கு ஒரு காசு.

அலைன்மென்ட்டுக்கு வந்தா தான் என் பொழப்பே. ஏத்தின உடனே கேம்பர் (முன்னாடி இருந்து பாத்தா வீல் சாயுற ஆங்கிள்) பாசிட்டிவ் பக்கம் போகும், டோ (மேல இருந்து பாத்தா வீல் உள்ளயோ வெளியயோ திரும்பி நிக்கிறது) மாறும், அதை விட முக்கியமா கேஸ்டர் (பக்கத்துல இருந்து பாத்தா ஸ்டியரிங் அச்சு பின்னாடி சாயுற ஆங்கிள்) குறையும். கேஸ்டர் குறைஞ்சா திருப்பின ஸ்டியரிங் தானா நடுவுக்கு வராது, ஹைவேல வண்டி லேசா அலையும். அவினாசி ரோட்டுல 40ல போறப்ப ஒண்ணும் தெரியாது, சேலம் ரோட்டுல 100ல போறப்ப ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இறுக்கமாவே இருக்கும், ஏன் களைப்பா இருக்குன்னு கூட ஓட்டறவருக்கு புரியாது. ரெண்டு இன்ச் வரைக்கும் சில வண்டியில அலைன்மென்ட் அட்ஜஸ்ட் பண்ற ஒரிஜினல் கேம் போல்ட்டை வச்சே ஓரளவு இழுத்துக் கொண்டு வந்துடலாம், அதுக்கு மேல போனா வேற மேல் ஆர்ம் போட்டாகணும், அது தனி பில். அலைன்மென்ட் பண்ணாமலே எடுத்துட்டுப் போன வண்டியில புது டயர் ஒரு ஓரம் மட்டும் மொழுமொழுன்னு தேஞ்சு போறதுக்கு ரொம்ப நாள் ஆகாது.

பின்னாடி பக்கம் கதை வேற. பிளாக் வச்சு ஏத்தினா ஆக்ஸிலோட மூக்கு ஆங்கிள் மாறும், பின் ஆக்ஸிலுக்குப் போற ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் ரெண்டு துண்டா இருக்கிற வண்டியில கிளம்பறப்ப உடம்பு முழுக்க ஒரு அதிர்வு வரும், சென்டர் பேரிங்கோட ரப்பர் சீக்கிரம் போகும். பிளாக் மேல பிளாக் அடுக்கறதை மட்டும் யார் சொன்னாலும் பண்ணாதீங்க, பழைய யூ போல்ட்டையே திருப்பி மாட்டறதையும் தான். புது யூ போல்ட் போட்டாலும் ஆயிரம் கிலோமீட்டருக்குள்ள வந்து ஒரு தடவை டைட் பண்ணிட்டுப் போகணும், சொன்னா யாரு வர்றாங்க.

ரொம்ப பேர் செலவு குறைக்க முன்னாடி மட்டும் ஏத்துவாங்க. ஸ்டாக் பிக்கப் பாத்தீங்கன்னா பின்னாடி கொஞ்சம் தூக்கலா நிக்கும், அது அழகுக்கு இல்ல, லோடு ஏத்தினா இறங்கி சமமா வரணும்னு வச்சது. நீங்க காலி வண்டிய சமமா நிறுத்திட்டீங்க, அப்புறம் பின்னாடி மூட்டை ஏத்தினா மூக்கு வானத்தைப் பாக்கும். ஹெட்லைட்டுக்கு என்ன ஆகும்னு யோசிங்க. டிம் வெளிச்சம் பத்து மீட்டருக்கு ஒரு பத்து சென்டிமீட்டராவது கீழ இறங்கற மாதிரி தான் பொதுவா செட் பண்ணுவாங்க. முன்னாடி மட்டும் 50 மிமீ ஏத்தினா, மூணு மீட்டர் வீல்பேஸுக்கு அது பத்து மீட்டருக்கு 16-17 சென்டிமீட்டர் மேல தூக்கிடும். ஆக டிம் போட்டாலும் வெளிச்சம் கீழ இறங்காம மேல ஏறிட்டே போகும், எதிர்ல பைக்ல வர்றவன் கண்ணு தான். லிஃப்ட் பண்ணிட்டு ஹெட்லைட்டை சுவத்துல அடிச்சு செட் பண்ணிக்கங்கன்னு நான் சொல்லாம ஒரு வண்டியும் வெளிய விடறதில்ல, செட் பண்ண முப்பது நிமிஷம் கூட ஆகாது.

அடுத்து வண்டி கவுறுற விஷயம். டிராக் அகலத்துல (இடது வலது டயருக்கு நடுவுல இருக்கிற தூரம்) பாதிய வண்டியோட எடை மையம் இருக்கிற உயரத்தால வகுத்தா ஒரு நம்பர் வரும், அமெரிக்காவோட சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்ஹெச்டிஎஸ்ஏ கவுறுற ரிஸ்க்குக்கு ஸ்டார் கொடுக்கறதுக்கு இதைத்தான் அடிப்படையா வச்சிருக்காங்க, நம்பர் குறையக் குறைய ரிஸ்க் ஜாஸ்தி. ஒரு கணக்குக்கு டிராக் 1570, மையம் 700 மிமீ உயரத்துல இருக்குன்னு வச்சுக்குங்க, 1.12 வரும். கிட்டும் டயரும் சேந்து மையத்தை 60 மிமீ ஏத்தினா 1.03. மேல கூடார ரேக், அதுல ஸ்டப்னி, ஜெர்ரி கேன்னு அடுக்கினா இன்னும் குறையும். ஆழியார்ல இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, அதுல இறங்கறப்ப இந்த வித்தியாசம் உடம்புக்கே தெரியும். ஸ்டாக் வண்டிய ஓட்டின பழக்கத்துல அதே வேகத்துல திருப்பினா வண்டி தடுமாறினா தானா பிரேக் போட்டுப் பிடிக்கிற ஈஎஸ்சி காப்பாத்தும்னு நம்பாதீங்க, அது கம்பெனி வச்ச உயரத்துக்கும் டயருக்கும் ட்யூன் பண்ணது.

டயர் பெருசானதுக்கு ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லும். மேல சொன்ன சைஸுக்கு மாறினா மீட்டர் பழைய டயருக்கு சரியா காட்டிட்டு இருந்திருந்தா இப்ப 100 காட்டறப்ப நிஜத்துல 105. ஓடோவும் அதே மாதிரி கம்மியா காட்டும், அதனால மைலேஜ் நிஜத்தை விட இன்னும் மோசமா தெரியும், நிஜத்துலயும் குறையத்தான் செய்யும், டயர் எடையும் காத்துல நிக்கிற உயரமும் கூடுதே.

சட்டம் பத்தி கேக்கறவங்க ரொம்ப கம்மி, ஆனா அடிபட்டப்புறம் எல்லாரும் கேப்பாங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, ஆர்சில இருக்கிற விவரத்துக்கும் கம்பெனி கொடுத்த ஒரிஜினல் விவரத்துக்கும் முரணா வண்டிய மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் கேரளாக்காரங்க கேஸ்ல இதையே உறுதியா சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல 182ஏ சேந்துச்சு, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓனருக்கு 5,000 ரூபா அபராதம், இல்லாட்டி ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் கூட போடலாம். ரோட்டுல போலீஸ் பிடிக்கிறது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது, அதை விட பெரிய விஷயம் இன்சூரன்ஸ். பெரிய ஆக்சிடென்ட் ஆகி சர்வேயர் வந்து பாக்கறப்ப பாலிசியில சொல்லாத ஸ்பேசரும் டயரும் நிக்கும், அதுக்கப்புறம் நீங்க என்ன பேசினாலும் உங்க பக்கம் பலம் கம்மி தான். வாரண்டியும் அதே கதி, பால் ஜாயின்ட்டோ ஷாஃப்ட்டோ போனா டீலர் முதல்ல பாக்கறது மேல இருக்கிற ஸ்பேசரைத்தான்.

இதெல்லாம் காசு, சட்டம். ஒரு வருஷம் கழிச்சு வர்றவங்க நிறைய பேர் சொல்ற காரணம் இது எதுவுமே இல்ல, "அம்மா ஏற மாட்டேங்குறாங்கண்ணா". சேலை கட்டினவங்க, முட்டி வலி இருக்கிறவங்க, வேட்டியில அப்பா, எல்லாருக்கும் லிஃப்ட்டும் டயரும் சேந்து கூட்டின அந்த ரெண்டே முக்கால் இன்ச் ஒரு படி. அப்புறம் சைடு ஸ்டெப் வாங்கி மாட்டுவாங்க, அது கீழ தொங்கி ஏத்தின கிளியரன்ஸை தின்னுடும், நல்லாத்தான் இருக்கு போங்க. பின்னாடி டெக்குல சாமான் தூக்கி வைக்கிறவங்களுக்கும் அதே கஷ்டம். ஆஸ்பத்திரி, மால் பேஸ்மென்ட்ல 2.1 மீட்டர் போர்டு பாத்து ரேக்கோட நின்னுட்டு ரிவர்ஸ் எடுத்தவங்களும் உண்டு.

சும்மா லுக்குக்காகத்தான்ணா ஏத்தணும்னு நேரா சொல்றவங்க மேல எனக்கு கோபமே இல்ல, அவங்க காசு அவங்க ஆசை. ஆஃப்ரோடுக்குன்னு தங்களையே ஏமாத்திக்கிட்டு ஏத்தறவங்க தான் பின்னால ரொம்ப வருத்தப்படறது. என்கிட்ட யாராச்சும் கேட்டா முதல்ல ஸ்டாக் உயரத்துலயே கம்பெனி அந்த மாடலுக்குக் கொடுக்கிற சைஸ்ல நல்ல ஏடி டயர் போடச் சொல்லுவேன், அடியில கல்லு இடிச்சா தாங்க ஒரு ஸ்கிட் பிளேட் தகடு, காத்தழுத்தம் குறைச்சு ஓட்டக் கத்துக்கிட்டு ஒரு மழைக்காலம் ஓட்டச் சொல்லுவேன். அப்பவும் நடு வயிறு தட்டுதுன்னா எந்த இடத்துல தட்டுதுன்னு போட்டோ எடுத்துட்டு வாங்க, 40 மிமீ தாண்டாம, ஸ்பேசர் இல்லாம, உங்க லோடுக்கு தகுந்த ஸ்பிரிங்கும் அதுக்கேத்த நீளத்துல ஷாக்கும் போட்டுக்கலாம். இரும்பு பம்பர், பின்னாடி டெக்கை மூடற கேனோபின்னு நிரந்தரமா எடை ஏத்தின வண்டிக்கு அந்த ஸ்பிரிங் தேவையும் கூட, அவங்க ஏத்தறதே இல்ல, இறங்கினதை சரி பண்றாங்க.

ஏத்தறவங்க கழட்டின ஒரிஜினல் ஸ்பிரிங், ஷாக், பட்டை, யூ போல்ட் எல்லாத்தையும் பேர் எழுதிக் கட்டி வீட்டுல வச்சுக்கங்க, பழைய இரும்புக்கு போட்டுடாதீங்க. விக்கிறப்ப ஏத்தின வண்டிய வாங்க ஆள் குறைவு, வர்றவனும் அதைக் காட்டியே விலை குறைப்பான். செகண்ட் ஹேண்ட்ல ஏத்தின வண்டி வாங்கப் போறவங்களும் இதையே கேளுங்க, ஸ்டாக் சாமான் எங்கன்னு. அப்புறம் பிட்டுல ஏத்தி, ஸ்டியரிங்கை ஒடிச்சு, ரிம்முக்கு உள்ள கைய விட்டுப் பாத்துட்டு விலை பேசுங்க.