மூன்று நாள் பந்தலுக்குப் பொறியாளர் எதற்கு?

2025 ஜூனில் லண்டன் கென்சிங்டன் கார்டன்ஸ் பூங்காவில் ஒரு மரக்கூடம் எழுந்தது. வடிவமைத்தவர் வங்கதேசத்துக் கட்டடக் கலைஞர் மரீனா தபசும். வளைந்த மரச் சட்டங்கள், அவற்றுக்கு நடுவே வெளிச்சத்தை வடிகட்டி அனுப்பும் பலகைகள், முற்றத்தில் ஒரு கிங்கோ மரம். கூடத்தின் ஒரு பகுதி நகர்ந்துபோய் இன்னொரு பகுதியோடு சேர்ந்துகொள்ளும். இதற்கெல்லாம் அவர் எடுத்துக்கொண்ட முன்மாதிரிகளில் ஒன்று, நம் பக்கத்தில் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் போடுகிற சாமியானா. அக்டோபர் வரை அங்கே பேச்சும் இசையும் நடந்தன. அந்த சீசனோடு அதன் வேலை முடிந்தது.

அதே பூங்காவிலுள்ள செர்பன்டைன் கலைக்கூடம் 2000-ஆம் ஆண்டிலிருந்து ஏறக்குறைய வருடந்தோறும் இப்படி ஒரு தற்காலிகக் கூடம் போட்டுவருகிறது. முதல் வருடம் கட்டடக் கலைஞர் ஸஹா ஹதீத் ஒரு விருந்துக்காகப் போட்டுக்கொடுத்த கூடாரம் பிடித்துப்போய், கொஞ்ச நாள் இருக்கட்டுமே என்று விட்டுவைத்தார்கள். அப்படித்தான் பழக்கமானது. 2014-இல் மெல்போர்னும் தொடங்கியது. அங்கே பெயர் எம்-பெவிலியன். விக்டோரியா மகாராணி தோட்டத்தில் பல வருடங்கள் கோடைக்கொரு கூடம், அனுமதி இலவசம், நூற்றுக்கணக்கான நிகழ்ச்சிகள். 2015-இல் அமாண்டா லெவெட் வைத்த கூடத்தில் மெல்லிய கார்பன் இழைக் கால்களின் மேல் இதழ் இதழாகக் கூரை. காற்றடித்தால் அசையும், அசைய வேண்டும் என்றே கணக்குப் போட்டிருந்தார்கள். அடுத்த வருடம் மும்பையின் பிஜோய் ஜெயின் மூங்கிலும் கயிறுமாக ஒரு கூடம் கட்டினார். கிட்டத்தட்ட 7 கிலோமீட்டர் மூங்கில், 26 கிலோமீட்டர் கயிறு. பின்னால் அது மெல்போர்ன் உயிரியல் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தது.

மூங்கிலும் கயிறும் நம் பந்தல்காரர்களுக்குப் புதிதா என்ன? ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அந்தக் கூடங்களுக்குப் பொறியாளர் உழைப்பு நிறையவே செலவாகிறது. நம்மிடம் ஆயிரம் பேர் உட்காரும் இலக்கிய விழாப் பந்தலுக்குக்கூட ஒரு தாளில் படம் இருக்காது.

கட்டமைப்புப் பொறியாளராக நான் பார்க்கும் வேலைகளில் விழா மேடைகளையும் பந்தல்களையும் சோதித்துச் சொல்வதும் ஒன்று. பெரும்பாலும் கூப்பிடுகிறவர்கள் முந்தின நாள் சாயங்காலம்தான் கூப்பிடுவார்கள். "மூணு நாள் பந்தல்தானே சார், ஒரு பார்வை பார்த்துட்டுச் சொல்லுங்க" என்பார்கள். மூன்று நாள்தான் என்பதில் ஆறுதல் கொள்ள ஒன்றும் இல்லை. வீடு வருடக்கணக்கில் பாதி காலியாகவே நிற்கும். பந்தல் அப்படியில்லை, அது நிற்கிற நாட்களிலெல்லாம் நிறைந்திருக்கும். எடை குறைவு, அஸ்திவாரம் கிடையாது, மண் எப்படிப்பட்டது என்று யாரும் பார்த்ததில்லை, கம்புகள் போன வாரம் வேறெங்கோ நின்றவை.

முதலில் காற்று. பந்தல் என்றதும் எல்லோருக்கும் மேலிருந்து விழுவதுதான் பயம். காற்று கூரையைக் கீழே தள்ளுவதைவிட மேலே தூக்குவதுதான் பெரிய சிக்கல். அதோடு, வேகம் இரட்டிப்பானால் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 40 கிலோமீட்டர் காற்றில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 7.5 கிலோ விசை; 80 கிலோமீட்டரில் அது 30 கிலோ. இருபதுக்கு முப்பது மீட்டர் பந்தல் என்று வையுங்கள், 600 சதுர மீட்டர். 80 கிலோமீட்டர் காற்று அந்தக் கூரையைச் சுமார் 18 டன் விசையோடு தூக்கும். கூரையின் வடிவத்தையும் பக்கங்கள் திறந்திருக்கின்றனவா என்பதையும் பொறுத்து இது கூடும், குறையும். தகரக் கூரையின் சொந்த எடை 3 டன் வந்தால் அதிகம். மீதி 15 டன்னைத் தரையோடு பிடித்து நிறுத்த வேண்டும். 200 லிட்டர் தண்ணீர் டிரம்மாகக் கணக்குப் போட்டால் 75 டிரம். இதைச் சொன்னதும் விழாக் குழுத் தலைவர்கள் ஒருமுறை கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள்.

சித்திரை, வைகாசியில் இடிமழைக்கு முன்னால் திடீரென்று அடிக்கும் சூறைக்காற்று இந்த வேகத்தைத் தொடுவது அபூர்வமில்லை. அதுவும் சாயங்காலம், கூட்டம் சேருகிற நேரம் பார்த்து வரும்.

பந்தல்காரர்களைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. சவுக்குக் கம்பை எவ்வளவு ஆழம் நட வேண்டும், எந்த முடிச்சு நழுவாது என்பதெல்லாம் அவர்களுக்குக் கைப்பழக்கம். கல்லூரியில் எனக்கு யாரும் அதைச் சொல்லித்தரவில்லை. பழைய கீற்றுப் பந்தலில் கம்பு நெருக்கமாக இருக்கும், உயரம் குறைவு, காற்று கீற்றுக்குள் புகுந்து போகும். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டே இன்று அகலமான, உயரமான, நடுவில் கால் இல்லாத கூடம் கேட்கிறோம். எல்.இ.டி. திரையை மறைக்கிறது என்று குறுக்குக் கம்பை எடுக்கச் சொல்கிறோம். தார் ரோட்டில் குழி தோண்ட முடியாததால் கால்களைச் சும்மா தரைமேல் நிறுத்துகிறோம். அப்புறம் பேரம் பேசி ஆயிரம் இரண்டாயிரம் குறைக்கிறோம். குறைந்த பணத்துக்கு எது குறையும்? துணியும் குஞ்சமும் குறையாது, அவை கண்ணுக்குத் தெரியும். சாய்வுக் கம்பும் இழுவைக் கயிறும்தான் குறையும்.

சாய்வுக் கம்பு என்றேனே, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நான்கு கால், மேலே நான்கு சட்டம் என்று ஒரு சதுரம் கட்டிவிட்டால் அது உறுதியாகிவிடாது. பக்கவாட்டில் தள்ளினால் அப்படியே சாயும். மூலைக்கு மூலை ஒரு கம்பு குறுக்கே போனால்தான் நிற்கும். உங்கள் ஊர் மேடையின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். பெருக்கல் குறி மாதிரி கம்புகளோ கம்பிகளோ எங்கேயும் தெரியவில்லை என்றால் அந்த மேடை நட்ட கால்களின் பிடிமானத்தை மட்டும் நம்பி நிற்கிறது.

இன்னொன்று, நான் பலமுறை பார்த்தது. பந்தலைச் சோதித்துச் சரி என்று சொல்லிவிட்டு வருவோம். இரவோடு இரவாக நன்கொடையாளர் ஒருவரின் ஃபிளெக்ஸ் வந்து சேரும், இருபது அடி உயரம். அதை மேடையின் பின்கால்களிலேயே கட்டிவிடுவார்கள். ஓட்டையில்லாத ஃபிளெக்ஸ் காற்றைப் பொறுத்தவரை பாய்மரம். கணக்கில் இல்லாத பாய்மரத்தைக் கட்டிய பிறகு முந்தின நாள் சோதனைக்கு மதிப்பில்லை. ஒரு விழாவில் இதை அவிழ்க்கச் சொன்னதற்கு, "அவர்தான் சார் சாப்பாட்டுச் செலவு மொத்தமும்" என்று என்னை ஓரமாக அழைத்துப் போய் விளக்கினார்கள். தனியாகக் கால் நட்டு, பந்தலைத் தொடாமல் நிறுத்தினோம். அவருக்கும் வருத்தமில்லை.

மழை பெய்தால் துணிக்கூரை தொய்ந்து தண்ணீர் தேங்கும். இரண்டு மீட்டர் சதுரத்தில் ஒரு சாண் ஆழம்கூட வேண்டாம், பத்து சென்டிமீட்டர் தேங்கினாலே 400 கிலோ. கீழிருந்து கம்பால் குத்தி வடிக்கிற வேலையைக் கூட்டத்தை வெளியே அனுப்பிய பிறகு செய்யுங்கள்.

தீயைப் பற்றித் தமிழ்நாட்டில் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. 1997 ஜூனில் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தலில் பற்றிய தீயில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபத்தின் கீற்றுக் கூரை எரிந்தபோது மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர். கீற்றை விட்டுச் செயற்கை இழைத் துணிக்கு மாறிவிட்டோம், இனிப் பயமில்லை என்று நினைக்கிறவர்கள் ஹரியானாவின் டப்வாலியைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1995 டிசம்பர் 23, பள்ளி ஆண்டு விழா, துணிப் பந்தல். 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகளும் தாய்மார்களும். செயற்கை இழை எரியும்போது உருகிச் சொட்டும்; உட்கார்ந்திருப்பவர்கள்மேல் சொட்டும்.

பந்தல்களின் தீத் தடுப்புக்கு என்றே இந்தியத் தர நிர்ணயம் ஒன்று இருக்கிறது, ஐ.எஸ். 8758. செயற்கைத் துணியும் செயற்கைக் கயிறும் வேண்டாம், உயர் அழுத்த மின்கம்பிக்கு அடியில் பந்தல் போடாதே என்று தெளிவாகச் சொல்கிறது. விழாக் குழுக்களில் இதைக் கேள்விப்பட்டவர்கள் என்று நான் பார்த்தது மிகக் குறைவு.

வாசல் கணக்கு எளிது. சமதரையில், ஒரு மீட்டர் அகல வழியில், நெரிசல் இல்லாமல் நிமிடத்துக்கு 80 பேர் வெளியேறலாம். ஒன்றரை மீட்டர் வாசல் ஒன்றே ஒன்று, உள்ளே ஆயிரம் பேர் என்றால் எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். துணிப் பந்தல் எரிய அவ்வளவு நேரம் எடுக்காது. அதனால் எதிரெதிர்ப் பக்கங்களில் வாசல்கள் வேண்டும். முன்வாசலை வி.ஐ.பி.க்கு என்று கயிறு கட்டி மூடுவதும், பின்வாசலில் ஜெனரேட்டரையும் சமையல் அடுப்பையும் வைப்பதும் நம் ஊர் வழக்கம். இரண்டையும் மாற்றப் பணம் செலவாகாது.

மின்சாரம் தனிக் கதை. 2019 ஜூனில் ராஜஸ்தானின் பார்மேர் மாவட்டத்தில் ராமகதை நடந்த பந்தல் புயல் காற்றில் சாய்ந்து 14 பேர் இறந்தார்கள். விழுந்த இரும்புக் குழாய்களில் மின்சாரம் பாய்ந்ததும் அதற்கு ஒரு காரணம். இரும்புச் சட்டப் பந்தலுக்கு எர்த் கொடுத்திருக்கிறதா, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. இருக்கிறதா என்று மைக்செட்காரரிடமும் லைட்காரரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவர் வைத்திருப்பார் என்று மற்றவர் நினைத்துக்கொண்டிருப்பார்.

இனி நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைப்பது. சென்னையில் நிரந்தரக் கட்டடம் என்றால் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் காற்றை அடிப்படையாக வைத்துக் கணக்குப் போடுகிறோம். மூன்று நாள் பந்தலை அந்த அளவுக்குக் கட்டினால் யாருக்கும் கட்டுப்படியாகாது. லண்டனிலும்கூடத் தற்காலிகக் கட்டுமானம் என்றால், குறிப்பிட்ட வேகம் வரை தாங்கும், அதற்கு முன்பே ஆட்களை வெளியேற்றிவிட வேண்டும் என்ற வழியைப் பின்பற்றுவதுண்டு. அதாவது பாதிப் பாதுகாப்பு கம்பத்திலும் கயிற்றிலும் இருக்கிறது, மீதிப் பாதி ஒரு காகிதத்தில்: எந்த வேகத்தில் கவனிக்க ஆரம்பிப்பது, எந்த வேகத்தில் ஃபிளெக்ஸையும் பக்கத் துணியையும் இறக்குவது, எந்த வேகத்தில் காலி செய்வது, அதை யார் சொல்வது. அந்தக் காகிதம் இல்லாவிட்டால் நீங்கள் வாடகைக்கு எடுத்தது பாதிப் பந்தல்தான்.

2011 ஆகஸ்ட் 13 அன்று அமெரிக்காவில் இண்டியானா மாநிலக் கண்காட்சியில் இசை நிகழ்ச்சி மேடையின் கூரை காற்றில் சரிந்து 7 பேர் இறந்தார்கள். கூரையை இழுத்துப் பிடிக்க வைத்திருந்த கான்கிரீட் தடுப்புகள் தரையில் வழுக்கின என்று பொறியாளர்கள் கண்டுபிடித்தார்கள். நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதில் தெளிவில்லை என்பதும் விசாரணையில் வெளிவந்தது. வானிலை எச்சரிக்கை வந்துகொண்டுதான் இருந்தது. ரசிகர்கள் காத்திருந்தார்கள், கலைஞர்கள் தயாராக இருந்தார்கள்.

நம் விழாக்களில் இது இன்னும் கஷ்டம். மேடையில் அமைச்சர் பேசிக்கொண்டிருக்கும்போது யார் போய் மைக்கை வாங்குவது? அதனால் அந்தப் பெயரை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். அவர் குழுத் தலைவராக இருக்கக் கூடாது, தலைவருக்கு மேடையில் மாலை வாங்கும் வேலை இருக்கும். ஒலிபெருக்கி மேசைக்குப் பக்கத்தில் நிற்கிற, யாருக்கும் சங்கடப்படாத ஒருவர் போதும். கையில் காற்று வேகம் காட்டும் சிறு கருவி, அனிமோமீட்டர், ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. அவ்வப்போது வரும் எச்சரிக்கைகளுக்கு வானிலை ஆய்வு மையத்தின் இணையப் பக்கத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும். அறிவிப்பையும் எழுதிவைத்துவிடுங்கள். "நிகழ்ச்சி சிறிது நேரம் நிறுத்தப்படுகிறது, இடது பக்க வாசல் வழியாக மைதானத்துக்குச் செல்லுங்கள், விளக்குக் கம்பங்களைத் தொடாதீர்கள்" என்கிற அளவு போதும். அந்த நேரத்தில் யோசித்துப் பேசினால் வார்த்தை தடுமாறும், கூட்டம் மிரளும்.

கான்ட்ராக்டரிடம் எழுதி வாங்க வேண்டியதும் இதையொட்டியதுதான்: இந்தப் பந்தல் எத்தனை கிலோமீட்டர் காற்று வரை நிற்கும்? தெரியாது என்றால் ஒரு பொறியாளரிடம் கணக்குப் போட்டு வாங்கித்தரச் சொல்லுங்கள். முப்பது வருஷமாகப் போடுகிறேன் என்பது அனுபவம், அதை மதிக்கிறேன். வேகத்துக்கான பதில் அது இல்லை.

கடைசியாக, பிரிக்கும் வேலை. விழா முடிந்ததும் நம் பொறுப்பு முடிந்தது என்று கிளம்பிவிடுகிறோம். மறுநாள் காலை வேறொரு கல்யாணத்துக்கு அதே கம்புகள் வேண்டும் என்று இரவு பன்னிரண்டு மணிக்குப் பிரிக்க ஆரம்பிப்பார்கள். வெளிச்சம் இருக்காது, தூக்கக் கலக்கம், கைக்கு எட்டுகிற சாய்வுக் கம்புகளை முதலில் அவிழ்ப்பார்கள், கூரை மேலேயே இருக்கும். கட்டியதற்கு நேர்எதிர் வரிசையில், கூரையை இறக்கிவிட்டுத்தான் சாய்வுக் கம்பைத் தொட வேண்டும். ஒப்பந்தத்தில் "பிரிப்பது மறுநாள் காலை ஆறு மணிக்குப் பிறகு" என்று ஒரு வரி சேருங்கள். அரை நாள் வாடகை கூடுதலாகக் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள்.