அப்பாவுக்கு வந்தது, அத்தைக்கு ஏன் வரவில்லை?

ஒரு வாசகி எழுதிக் கேட்டிருந்தார். அவருடைய அப்பாவுக்கும் அத்தைக்கும் பிறந்ததிலிருந்தே ஹெபடைடிஸ் பி. பாட்டியிடமிருந்து வந்தது. இருவரும் குடித்ததில்லை, புகைத்ததில்லை. அப்பாவுக்கு 52 வயதில் கல்லீரல் புற்றுநோய் வந்துவிட்டது. அவரைவிட மூத்த அத்தை நன்றாக இருக்கிறார். "தலைவிதி என்கிறார்கள். உண்மையிலேயே வேறு காரணம் உண்டா?"

உண்டு. விதி என்று சொல்லி நகர்ந்துவிடும் பழக்கம்தான் எனக்கு வருத்தம் தருகிறது. அப்படிச் சொன்ன நிமிடமே கேள்வி செத்துவிடுகிறது. அவர் கேட்டது மிக நல்ல கேள்வி.

2020-இல் உலகம் முழுக்க சுமார் 9 லட்சம் பேருக்குக் கல்லீரல் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. பெரும்பாலான நாடுகளில் பெண்களைவிட ஆண்களுக்கு இது இரண்டு மூன்று மடங்கு அதிகம். ஆண்கள் அதிகம் குடிக்கிறார்கள், புகைக்கிறார்கள் என்பது ஒரு பகுதிக் காரணம்தான். ஆனால் எலிகள் குடிப்பதில்லையே! டிஇஎன் என்றொரு புற்று உண்டாக்கும் ரசாயனத்தைக் குட்டி எலிகளுக்குச் செலுத்தினால், பெரிதானதும் ஏறக்குறைய எல்லா ஆண் எலிகளுக்கும் கல்லீரலில் கட்டி வருகிறது. பெண் எலிகளில் 10 முதல் 30 சதவீதத்துக்குத்தான். ஆண் எலியின் விரைகளை அகற்றிவிட்டால் கட்டிகள் குறைகின்றன. ஆக, பழக்கவழக்கத்தைத் தாண்டி ஹார்மோனுக்கும் இதில் பங்கு இருக்கிறது.

2007-இல் கலிபோர்னியாவில் மைக்கேல் காரின் என்ற விஞ்ஞானியின் குழு, ஹார்மோன் வேலை செய்யும் ஒரு வழியைக் காட்டியது. கல்லீரல் செல்கள் சாகும்போது அங்கே குடியிருக்கும் குப்ஃபர் செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்கள் ஐஎல்-6 என்ற அழற்சிப் பொருளைச் சுரக்கின்றன. அது அதிகமானால் மிச்சமிருக்கும் செல்கள் வேகவேகமாகப் பெருகும், புற்றுக்கு வழி பிறக்கும். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் இந்தச் சுரப்பை அடக்குகிறது. ஹெபடைடிஸ் பி வைரஸ் இன்னொரு பக்கம் வேலை செய்கிறது. அதன் மரபணுத் தொகுதியிலேயே ஆண் ஹார்மோனின் ஏற்பி, அதாவது அந்த ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம், வந்து உட்கார இடம் இருக்கிறது. ஏற்பி உட்கார்ந்தால் வைரஸ் பெருகும். வைரஸின் எக்ஸ் புரதம் பதிலுக்கு அந்த ஏற்பியின் வேகத்தைக் கூட்டும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பியோ வைரஸைத் தணிக்கிறது.

சரி, இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன்.

செல்லுக்குள் வந்த ஹார்மோன் தன் ஏற்பியோடு சேரும், ஏற்பி டிஎன்ஏவில் போய் ஒட்டும், மரபணுக்கள் விழிக்கும். இது பள்ளிப் பாடம். ஆனால் எங்கே போய் ஒட்டும்? டிஎன்ஏ விரித்துப் போட்ட பாய் மாதிரி கிடப்பதில்லை. ஹிஸ்டோன் என்ற உருளைகளில் நூல்போலச் சுற்றிக்கிடக்கிறது. சுற்று அவிழாதபடி எச்1 என்ற ஹிஸ்டோன் ஒவ்வோர் உருளையின் மேலும் கிளிப் மாதிரி பிடித்துக்கொள்கிறது. இப்படி இறுகிக் கிடக்கும் இடத்தில் ஹார்மோன் ஏற்பிகளால் சுலபமாக ஒட்ட முடியாது.

ஃபாக்ஸ்ஏ1, ஃபாக்ஸ்ஏ2 என்ற இரண்டு புரதங்கள் இங்கேதான் வருகின்றன. இவற்றின் ஒரு பகுதி இறக்கை விரித்த வடிவில் இருக்கும். அந்த வடிவம் கிட்டத்தட்ட எச்1 கிளிப்பின் வடிவமேதான். அதனால் கிளிப் இருக்க வேண்டிய இடத்தில் ஃபாக்ஸ்ஏ போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் கிளிப்பைப் போல இறுக்குவதில்லை. அந்த இடம் நெகிழ்ந்து திறக்கிறது. பிறகு வரும் ஏற்பிக்கு இடம் தயார். பூட்டின் வடிவத்தையே எடுத்துக்கொண்டு வந்து பூட்டைத் திறக்கிற இந்த வித்தையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இதில் முக்கியமான விஷயம், கல்லீரலில் ஆண் ஹார்மோன் ஏற்பி, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இரண்டுக்குமே இதே ஃபாக்ஸ்ஏ தேவை. 2012-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கிளாவுஸ் கேஸ்ட்னர் குழு, எலியின் கல்லீரலில் மட்டும் இந்த இரண்டு மரபணுக்களையும் நீக்கிவிட்டு அதே டிஇஎன்னைச் செலுத்திப் பார்த்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் மறையும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். நடந்தது தலைகீழ். ஆண் எலிகள் தப்பித்தன, பெண் எலிகளுக்குக் கட்டிகள் வந்தன. ஹார்மோன் அப்படியேதான் இருந்தது. அது போய் உட்காரும் இடம்தான் போய்விட்டது. ஆணிடம் புற்றைத் தள்ளிவிட்ட கை விலகியது, பெண்ணிடம் தடுத்து நிறுத்திய கை விலகியது. மனிதர்களிலும் ஒரு தடயம் கிடைத்தது. ஃபாக்ஸ்ஏ2 ஒட்டும் இடத்தில் டிஎன்ஏவின் ஒரே ஓர் எழுத்து மாறினால், அதுவும் ஒட்டுவதில்லை, ஈஸ்ட்ரோஜன் ஏற்பியும் ஒட்டுவதில்லை. இந்த மாற்றத்துக்கும் பெண்களுக்கு வரும் கல்லீரல் புற்றுக்கும் தொடர்பு தெரிந்தது.

நோய் வந்தபின் எத்தனை காலம் வாழ்கிறார்கள் என்பதிலும் பெண்கள் சற்று முந்துகிறார்கள். கட்டி சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடிக்கப்படுவது, மீதிக் கல்லீரல் அவ்வளவாகக் கெடாமல் இருப்பது ஆகியவை இதில் ஒரு பகுதியை விளக்குகின்றன. ஆனால் மாதவிடாய் நிற்கும் வயதுக்கு முந்தைய பெண்களிடம் இந்த அனுகூலம் தெளிவாகத் தெரிவதும், வயது ஏற ஏற அது தேய்வதும் மறுபடி ஹார்மோனைத்தான் காட்டுகின்றன.

அப்படியானால் ஹார்மோனை மாற்றி வைத்தியம் செய்யலாமே? செய்து பார்த்தார்கள். சில கல்லீரல் கட்டிகளில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருந்ததால், அந்த ஏற்பியைத் தடுக்கும் மருந்தான, மார்பகப் புற்றுக்குத் தரும் டமாக்சிஃபெனை இத்தாலியில் 496 பேரை வைத்துச் சோதித்தார்கள். 1998-இல் முடிவு வந்தது, ஆயுள் கூடவில்லை. 2002-இல் ஆசிய பசிபிக் நாடுகளில் 329 பேரிடம் நடந்த சோதனையில், அதிக அளவு மருந்து எடுத்தவர்களிடம் மரணம்தான் கூடியது. ஆண் ஹார்மோனைத் தடுக்கும் மருந்துகளும் கைகொடுக்கவில்லை.

காரணத்தின் ஒரு முனையை இத்தாலிய ஆய்வாளர் எரிகா வில்லா பிடித்தார். சில கட்டிகளில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உருமாறியிருக்கிறது. ஹார்மோனைப் பிடிக்கும் பகுதியில் ஒரு துண்டையே காணோம், ஆனாலும் ஏற்பி வேலை செய்துகொண்டே இருக்கிறது. சாவி போடாமலே ஓடும் வண்டியிடம் சாவியைப் பிடுங்கி என்ன பயன்? இந்த உருமாறிய ஏற்பி கொண்ட கட்டிகள் வேகமாக வளர்கின்றன, நோயாளியின் ஆயுள் குறைகிறது.

ஈரல் சுருங்கிய ஆண்களைப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளங்கை சிவந்திருக்கும், நெஞ்சில் சிலந்திக்கால் போல ரத்தநாளங்கள் தெரியும், மார்பு லேசாகப் பருத்திருக்கும். ஈஸ்ட்ரோஜனைக் கழிக்கும் வேலையைக் கல்லீரல் சரியாகச் செய்யாததன் அடையாளங்கள் இவை. ஈஸ்ட்ரோஜன் கூடியும் அவர்களைப் புற்று விடுவதில்லை. அளவு மட்டும் போதாது. ஆகவே யாரும் தாமாக ஹார்மோன் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். தசை வளர்க்க எடுக்கும், ஆண் ஹார்மோன் வகையைச் சேர்ந்த ஸ்டீராய்டுகள் கல்லீரலில் கட்டியை உண்டாக்கக் கூடியவை.

பல பத்தாண்டுகளாக ஆய்வகங்கள் பெரும்பாலும் ஆண் எலிகளையே வைத்துக்கொண்டன. பெண் எலியின் ஹார்மோன் சுழற்சி கணக்கைக் குழப்பும், செலவு இரட்டிப்பாகும் என்றார்கள். 2016-இல்தான் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் ஆண், பெண் இரு பாலினத்தையும் கணக்கில் எடுத்தால்தான் நிதி என்ற நிலைக்கு வந்தன. அந்தச் செலவு வீண் இல்லை, இதுவரை மிச்சம் பிடித்ததுதான் வீண் என்பது என் எண்ணம். ஃபாக்ஸ்ஏ சோதனையில் பெண் எலிகள் இல்லாதிருந்தால் பாதிக் கதை நமக்குத் தெரிந்திருக்காது.

வாசகிக்கு இன்னொரு தகவல். ஹெபடைடிஸ் பி உள்ள ஆசியர்களில் ஆண்கள் 40 வயதிலிருந்தும், பெண்கள் 50 வயதிலிருந்தும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று அமெரிக்கக் கல்லீரல் மருத்துவர்களின் வழிகாட்டல் சொல்கிறது. ஹார்மோன் அத்தைக்குத் தந்தது அந்தப் பத்து ஆண்டு அவகாசம். அவர் 50-ஐத் தாண்டிவிட்டார். இந்த மாதமே அழைத்துப் போய் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். அத்தைக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.