பழைய பென்ஸில் க்ரூஸ் கன்ட்ரோல் பிடிக்கவில்லையா? ஆம்ப்ளிஃபையர் வாங்கும் முன் மீட்டர் போர்டைப் பாருங்கள்

மெர்சிடிஸ் பென்ஸ் டபிள்யூ 124 வரிசை 1984 இறுதியில் ஜெர்மனியில் அறிமுகமானது. 1995-ல் டெல்கோவுடன் (இன்றைய டாடா மோட்டார்ஸ்) கூட்டாகப் புனேயில் பாகங்களைச் சேர்த்து உருவாக்கி விற்பனைக்கு வந்த பென்ஸும் இதே வரிசைதான். நன்றாகப் பராமரித்த வண்டிகளில் இன்ஜினும் கியர்பாக்ஸும் இன்றும் குறையில்லாமல் ஓடுகின்றன. தொல்லை கொடுப்பது முப்பது வயது தாண்டிய மின் இணைப்புகள்.

பட்டறைக்கு இரண்டு புகார்கள் பெரும்பாலும் ஜோடியாகவே வரும். ஸ்பீடோ முள் துள்ளுகிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே செட் செய்த வேகத்தில் வண்டியை ஓட்டும் க்ரூஸ் கன்ட்ரோல் பிடிக்கவில்லை, பிடித்தாலும் வேகம் ஏறி இறங்குகிறது. உடனே க்ரூஸின் மூளையான ஆம்ப்ளிஃபையர் என்ற மின்னணுப் பெட்டியைப் பழையதாகத் தேடி வாங்கி மாட்டுகிறார்கள். கோளாறு அப்படியே இருக்கும். இரண்டும் ஒரே சங்கிலியில் இருப்பதுதான் காரணம்.

இந்த வண்டியின் ஸ்பீடோமீட்டரைச் சுழற்றுவது கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள். மீட்டரின் முதுகில் உள்ள சிறிய சென்சர் அந்தச் சுழற்சியைத் துடிப்புகளாக மாற்றி க்ரூஸ் ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்புகிறது. நீங்கள் செட் செய்த வேகத்தோடு அந்தத் துடிப்பை ஆம்ப்ளிஃபையர் ஒப்பிட்டு, இன்ஜின் பக்கத்தில் இருக்கும் ஆக்சுவேட்டர் மோட்டாருக்கு ஆணையிடும். மோட்டார் ஆக்சிலரேட்டர் லிங்கேஜை (இணைப்புக் கம்பிகளை) இழுக்கும். கேபிள் ஒழுங்காகச் சுற்றாவிட்டால் முள் துள்ளும். அதே துள்ளல் ஆம்ப்ளிஃபையருக்கும் போகும். பாவம், அது ஒவ்வொரு துள்ளலுக்கும் த்ராட்டிலைத் திறந்து மூடும்.

எதையும் கழற்றும் முன் பிரேக் விளக்கைப் பாருங்கள். பிரேக் மிதிக்காதபோது, பிரேக் விளக்கு பல்பின் இழை வழியாக எர்த் தெரிகிறதா என்று ஆம்ப்ளிஃபையர் கவனிக்கிறது. பல்புகள் போய்விட்டாலோ, டிக்கிக்குள் இருக்கும் பின்விளக்கு ஹோல்டரின் எர்த் துருப்பிடித்தாலோ க்ரூஸ் பிடிக்காது. 21 வாட் பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. போட்ட வண்டிகளிலும் இதே கதைதான், எல்.இ.டி. அந்த இழை கொடுத்த எர்த்தைக் கொடுப்பதில்லை. சாதாரண பல்பைத் திரும்பப் போட்டதும் க்ரூஸ் உயிர்பெறும் வண்டிகள் நிறைய உண்டு. பிரேக் விளக்கு எரியாமல் நெடுஞ்சாலையில் ஓடுவது க்ரூஸை விடப் பெரிய ஆபத்து என்பதால், எப்படியும் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுவே.

இந்த க்ரூஸ் மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டருக்குக் கீழே பிடிக்காது. 35-ல் போட்டுப் பார்த்துவிட்டுக் கெட்டுப்போனது என்று முடிவு கட்ட வேண்டாம்.

மீட்டர் போர்டைக் கழற்றுதல்

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மீட்டர் போர்டுக்கு வெளியே தெரியும் ஸ்க்ரூ எதுவும் கிடையாது. இரு பக்கமும் ரப்பர் பிடிப்பில் இறுகி நிற்கிறது. உறுதியான கம்பியின் நுனியை ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மடக்கிக் கொக்கி போல இரண்டு செய்துகொள்ளுங்கள். போர்டுக்கும் டேஷுக்கும் இடையே பக்கத்துக்கு ஒன்றாக நுழைத்து, உள்ளே திருப்பி, இரண்டையும் சமமாக இழுக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பினால் டேஷ் விளிம்பில் ஆயுள் முழுக்கத் தழும்பு இருக்கும். போர்டு கொஞ்சம் வெளியே வந்ததும் கேபிள் தடுக்கும். பெடல் பக்கம் கேபிளைப் பிடித்திருக்கும் கிளிப்பை விடுவித்தால் தேவையான நீளம் கிடைக்கும். பின்பக்க நட்டைக் கையால் சுழற்றிக் கழற்றி, ஒவ்வொரு பிளக்கும் இருந்த இடத்தைப் போட்டோ எடுத்தபிறகே உருவுங்கள்.

கேபிளின் உள்கம்பியை விரலால் சுழற்றிப் பாருங்கள். சீராகச் சுற்றாமல் தங்கித் தங்கித் தாவினால் எங்கோ மடங்கியிருக்கிறது. மாற்றுவது தவிர வேறு வழி இல்லை. வறண்டு மட்டும் போயிருந்தால் உள்கம்பியை உருவித் துடைத்து, மெல்லிய கிரீஸ் பூசலாம். மேல்முனையில் 15 சென்டிமீட்டரை மட்டும் கிரீஸ் இல்லாமல் விட வேண்டும். கேபிள் சுற்றச் சுற்ற கிரீஸ் திருகிக்கொண்டு மேலே ஏறும், ஸ்பீடோமீட்டரின் காந்தக் கிண்ணத்துக்குள் புகுந்து முள்ளை மந்தமாக்கிவிடும். நல்லெண்ணத்தில் அளவுக்கு மீறி கிரீஸ் வைத்ததால் கெட்ட மீட்டர்களே அதிகம்.

ஓடோமீட்டர் மட்டும் நின்றுபோய் முள் நன்றாக வேலை செய்கிறதா? உள்ளே ஒரு சிறு பற்சக்கரம் தன் அச்சில் பிடி தளர்ந்து வழுக்குகிறது. அச்சை மெதுவாகத் தள்ளி எடுத்து, சக்கரம் உட்காரும் இடத்தில் பிளையரால் லேசாகக் கீறல் போட்டு, ஒரு துளி எபாக்சியோடு திரும்ப ஏற்றினால் நிற்கும். துளி பெரிதானால் பக்கத்து எண் சக்கரமும் ஒட்டிக்கொள்ளும். முள்ளைப் பிடுங்கி எடுக்காதீர்கள். இடம் மாறினால் வேகக் கணக்கே தப்பாகிவிடும். வண்டி ஓடும்போது ட்ரிப் மீட்டரை ரீசெட் செய்யும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், இந்தப் பற்சக்கரங்களுக்கு அது ஆகாது. ஓடோமீட்டர் நின்ற நாளில் இருந்த எண், திரும்ப ஓடத் தொடங்கிய நாள், இரண்டையும் சர்வீஸ் பில்லில் எழுதி வாங்குங்கள். பின்னால் வாங்குபவருக்கு நேர்மையாகக் காட்ட அது ஒன்றுதான் சான்று.

போர்டு கையில் இருக்கும்போதே எர்த்தையும் கவனியுங்கள். ஹெட்லைட் போட்டதும் டீசல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து மேலே ஏறினால் இன்ஜின் சூடாகிவிட்டது என்று பதற வேண்டாம். மீட்டர் போர்டின் எர்த் பலவீனமாக இருக்கிறது. எர்த் முனையைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து இறுக்கினால் சரியாகும். பேட்டரி சார்ஜ் எச்சரிக்கை பல்பை எல்.இ.டி. ஆக்காதீர்கள். ஆல்டர்னேட்டருக்குத் தொடக்க மின்னோட்டம் போவதே அந்த பல்பு வழியாகத்தான். அது இல்லையென்றால் ஸ்டார்ட் செய்தபின் சார்ஜ் ஏறாமலே வண்டி ஓடும்.

சென்சரைச் சோதிக்க, கேபிளையும் பேட்டரியையும் திரும்ப இணைத்து, பின்சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஒருவர் மெதுவாகக் கியரில் ஓட்ட, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து சென்சர் பிளக்கில் பாருங்கள். சக்கரம் சுற்றும்போது அளவு அசைய வேண்டும். அசைந்தால் மீட்டர் பக்கம் தன் வேலையைச் செய்கிறது.

ஆம்ப்ளிஃபையரும் ஆக்சுவேட்டரும்

கேபிள், சென்சர், பிரேக் விளக்கு மூன்றும் சரியாக இருந்தால்தான் ஆம்ப்ளிஃபையரைத் திறக்க வேண்டும். வி.டி.ஓ. தயாரித்த இந்தப் பெட்டிக்குள் ஐ.சி. எரிந்துபோவதைவிட ஈயப் பற்றில் விரிசல் விழுவதே அதிகம். வெயிலில் நிற்கும் வண்டியின் சூடும் இரவுக் குளிரும் மாறி மாறிப் படுவதால், பிளக் பின்களையும் கனமான பாகங்களையும் சுற்றி முடி போன்ற வட்டக் கோடு விழும். நல்ல வெளிச்சத்தில் லென்ஸ் வைத்து, போர்டைச் சாய்த்துப் பார்த்தால் தெரியும். அந்த இடங்களில் பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஃப்ளக்ஸ் தடவி, 60/40 ஈயத்தைச் சுமார் 350 டிகிரியில் வைத்துப் புதிதாகப் பற்றுங்கள். பழையதன் மேலேயே சூடு காட்டினால் சில மாதங்களில் திரும்ப வெடிக்கும். எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்கள் வயதாகி வறண்டிருக்கும். அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது சற்றுக் கூடுதலான வோல்ட், 105 டிகிரி தாங்கும் வகையாகப் பார்த்து மாற்றுங்கள். பிளஸ் மைனஸ் மாறக் கூடாது. மாற்றுப் பெட்டியே வாங்குவதென்றால் பார்ட் நம்பர் பொருந்த வேண்டும். இன்ஜினுக்கு இன்ஜின் வேறுபடும்.

வேகம் விட்டுவிட்டு ஏறி இறங்குவதற்கு லிங்கேஜ் தளர்வும் காரணமாகலாம். பந்து மூட்டுகளின் பிளாஸ்டிக் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். ஆக்சுவேட்டர் ஓய்வில் இருக்கும்போது அதன் கம்பி த்ராட்டிலைத் துளியும் இழுத்துப் பிடிக்கக் கூடாது.

1993 முதல் 1995 வரை வந்த சில பெட்ரோல் மாடல்களில் த்ராட்டிலே மின்னணு ஆக்சுவேட்டராக இருக்கும். அந்த ஆண்டுகளின் வயரிங்கில் காப்புறை பிஸ்கட் போல உதிரும். தொட்டுப் பார்க்கும்போதே உதிர்ந்தால் டேப் சுற்றி ஒப்பேற்றாதீர்கள்; செம்பும் செம்பும் உரசினால் த்ராட்டில் கன்ட்ரோலே குழம்பும். அந்த ஹார்னெஸை (வயர்க் கட்டை) முழுதாக மாற்றுவதே சரி.

ஓட்டிப் பார்க்கும் முறை

ஆளில்லாத நேரான சாலையில் 60-ல் வைத்து லீவரை மேலே தட்டினால் செட் ஆகும். தன் பக்கம் இழுத்தால் பழைய வேகத்துக்குத் திரும்பும், முன்னால் தள்ளினால் விடுபடும். வேகத்தைப் பிடிக்கிறதா என்பதற்கு முன், விடுகிறதா என்று பாருங்கள்: பிரேக்கை லேசாகத் தொட்டதும் விட வேண்டும், லீவரிலும் விட வேண்டும். இரண்டையும் சில தடவை செய்து பார்த்த பிறகே 80-க்குப் போகலாம்.

விடவில்லை என்றால் பிரேக்கை அழுத்தியபடி நியூட்ரலுக்கு மாற்றி ஓரம் கட்டுங்கள். ஓட்டத்தில் சாவியை உருவாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். நின்ற பிறகு ஆம்ப்ளிஃபையர் பிளக்கை உருவிவிடுங்கள். தனி ஆக்சுவேட்டர் உள்ள மாடல்கள் க்ரூஸ் இல்லாமலே வீடு வரை நன்றாக ஓடும்.